ஆறப்போட்ட பதினொரு பத்திகள்

பூவராகன் தம் வாழ்நாளில் எழுதிய மிகச் சிறந்த உரைநடையை உலகத்தில் ஒருவரும் படித்தது கிடையாது. அப்படி ஒருவரும் படித்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அரசாங்கம் அவரை வேலைக்கு வைத்திருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

விருத்தாசலத்தில், ஒரு காலத்தில் பீங்கான் ஜாடி சுட்டுக்கொண்டிருந்த கொட்டகையில் இருந்தது ஆறல் வாரியத்தின் மையம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வந்த சட்டப்படி, நான்கு மாவட்டங்களில் யார் செய்தி அனுப்பினாலும், அங்கே இருப்பவருக்கு வெளியூரிலிருந்து யார் அனுப்பினாலும் அது இந்தக் கொட்டகை வழியாகத்தான் போகவேண்டும். சாதாரணச் செய்தி வந்த வேகத்தில் போய்விடும். கோபத்தில் எழுதியது என்று இயந்திரம் கண்டுகொண்டால் மூன்று நாள் வரிசையில் நிற்கும். அதற்குள் எழுதியவர் மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். மாறாவிட்டால் கெடு முடிந்ததும் போய்ச் சேரும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் திரும்பப் பெற்றார்கள். விவாகரத்து குறைந்தது, பங்காளிச் சண்டை குறைந்தது என்று மேடைக்கு மேடை சொன்னார்கள்.

மேடையில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. திரும்பப் பெறலாம் என்று தெரிந்ததும் ஜனங்கள் வஞ்சனையில்லாமல் திட்ட ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு முழுங்கியதை இப்போது உட்கார்ந்து, யோசித்து, அடுக்குமொழியோடு எழுதினார்கள். மூன்று நாள் அதை ரசித்துவிட்டு, கெடு முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது எடுத்துவிட்டு, தங்கள் பெருந்தன்மையைத் தாங்களே மெச்சிக்கொண்டார்கள்.

பூவராகன் இதில் தேர்ந்த கை. மையத்தின் மூத்த பராமரிப்புப் பொறியாளர் வேறு. மற்றவர்கள் கோபத்தைக் காவல் காக்கிறவருக்குக் கோபம் என்றால் ஒரு தரம் இருக்கவேண்டாமா? பக்கத்து வீட்டுக்காரருக்கு நான்கு பத்தி, சம்பந்தமில்லாத ஒரு சம்பந்திக்கு ஆறு பத்தி என்று எழுதி, சந்திப்பிழைகூடத் திருத்தி, பிறகு எடுத்துவிடுவார். ஆனால் அவருடைய உச்சம் என்றால் அது போன ஐப்பசியில் மகள் வேதவல்லிக்கு எழுதிய பதினொரு பத்திகள்தான்.

நடந்தது இது. ஒன்றுவிட்ட அண்ணனின் அறுபதாம் கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர், "உம்ம பொண்ணு இப்ப என்ன பண்றா?" என்று கேட்டார். பூவராகன் வாயில் என்ன வந்து உட்கார்ந்ததோ, "நிலாவுல நம்ம ஆளுங்க தளம் போட்டிருக்காங்கல்ல, அங்க போஸ்டிங்" என்று சொல்லிவிட்டார். பரிமாறிக்கொண்டிருந்த பையன்கூட வாளியோடு நின்றுவிட்டான். எதிர்ப் பந்தியிலிருந்து வேதா, "அப்பா, நான் எங்க நிலாவுக்குப் போனேன்? தூத்துக்குடியில உப்புப் பரிசோதனை பண்ணிட்டிருக்கேன்" என்றாள். பந்தி மொத்தமும் சிரித்தது. பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறியது. பூவராகன் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று மாலை எழுதியவைதான் அந்தப் பதினொரு பத்திகள். கடைசி வரி, "இன்றிலிருந்து எனக்கு மகள் இல்லை." புதன்கிழமை மாலை கெடு. புதன் மதியம் திரும்பப் பெற்றார். தாமே பெரிய மனது வைத்து மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, மகள் முதலில் பேசட்டும் என்று காத்திருந்தார். எட்டு மாதம் ஆயிற்று. அவள் அம்மாவிடம் பேசினாள். அவரிடம் ஒரு வார்த்தை இல்லை. தினமும் காலையில் மனைவி செங்கமலம் மகளோடு போனில் பேசி முடித்ததும், "என்னைப் பத்தி எதுனா கேட்டாளா?" என்று கேட்பார். "கேக்கல" என்று பதில் வரும். அவர் செய்தித்தாளை எடுத்துக்கொள்வார்.

ஆனி மாதத்து ஒரு வியாழக்கிழமை, பதினொன்று நாற்பத்திரண்டுக்கு, ஏசி குழாய் உடைந்து பெரியவர் தலையில் தண்ணீர் கொட்டியது.

பெரியவர் என்பது ஒரு சர்வர். மையத்தில் மூன்று சர்வர்கள்: பெரியவர், நடுவுளான், கடைக்குட்டி. வரிசை பெரியவர் கையில் இருக்கும். அவர் எழுதுவதை எல்லாம் மற்ற இரண்டும் உடனுக்குடன் பார்த்து எழுதிக்கொள்ளும். ஒருவர் விழுந்தால் இன்னொருவர் தலைவராக எழுந்து நிற்பார். ஆக, பெரியவர் விழுந்ததில் பெரிய ஆபத்தில்லை. பூவராகன் நிதானமாகத் துடைப்பதற்குத் துணி தேடிக்கொண்டிருந்தார்.

"சார்" என்றாள் ஜெசிந்தா. மையத்தில் அவருக்கு அடுத்த நிலைப் பொறியாளர். பத்து வருஷமாக அவரோடு வேலை பார்ப்பதால் அவரிடம் பயம் போய், பரிதாபம்கூடப் போய்விட்ட நிலையில் இருந்தாள். "நடுவுளான காலைல ஆறு மணிக்கு டிஸ்க் மாத்தறதுக்காக வெளிய எடுத்தோம். இன்னும் சேர்க்கல."

"அப்ப கடைக்குட்டி தலைமை எடுத்திருக்கும். எடுக்கட்டும்."

"எடுத்திருக்கு சார். ஆனா வரிசையில பன்னெண்டாயிரம் செய்தியையும் கெடு முடிஞ்சுதுன்னு வெளிய தள்ளிட்டிருக்கு. தேதியைப் பாருங்க. எல்லாம் ஐப்பசி."

பூவராகன் திரும்பிக் கடைக்குட்டியைப் பார்த்தார். அதன் நெற்றியில் காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும் இருந்தன. பக்கவாட்டில் ஒரு பொரி ஒட்டிக்கொண்டிருந்தது.

போன ஆயுத பூஜைக்கு, ஓடுகிற இயந்திரத்துக்குப் பூஜை போடக்கூடாது என்று பேச்சு வந்தது. மூன்றையும் நிறுத்தினால் நான்கு மாவட்டமும் ஸ்தம்பித்துவிடும். அதனால் மூவருக்கும் பிரதிநிதியாகக் கடைக்குட்டியை மட்டும் கூட்டத்திலிருந்து பிரித்து, ஓய்வு கொடுத்து, சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டினார்கள். யோசனை பூவராகனுடையது. மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து மின்சாரம் கொடுத்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மறுபடி கூட்டத்தில் சேர்க்கும் கட்டளையை ஜெசிந்தா கொடுத்திருப்பாள் என்று அவர் நினைத்தார். சார் கொடுத்திருப்பார் என்று அவள் நினைத்தாள். எட்டு மாதமாகக் கடைக்குட்டி பச்சை விளக்கோடு, யார் சொல்வதும் காதில் விழாமல், பூஜையன்று இருந்த வரிசையை அப்படியே கட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு யார் யார் எதைத் திரும்பப் பெற்றார்கள் என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

"அது போய் எப்படித் தலைவராச்சு?" என்றார் பூவராகன்.

"எவன் உயிரோட இருக்கானோ அவனைத் தலைவனாக்குன்னு நீங்கதானே சார் விதி எழுதினீங்க. அதுக்குத்தான் கேடயம் குடுத்தாங்க."

கேடயம் மேஜைமேல்தான் இருந்தது. பூவராகன் அதைப் பார்க்காமல் தலைமையகத்துக்குப் போன் போட்டார். இயக்குநரின் உதவியாளர் சபரிநாதன் எடுத்தார்.

"ஐயா மீட்டிங்ல இருக்காரு. என்ன விஷயம்?"

"கடைக்குட்டி பழைய கோபத்தை எல்லாம் வெளிய விட்டுட்டிருக்கு. அதை நிறுத்தணும்."

"நிறுத்துங்களேன். பிளக்கைப் பிடுங்கினா போச்சு."

"பிடுங்கினா தலைவரே இல்லாமப் போயிடும். ஆஸ்பத்திரிக்குப் போற செய்தி, ஆம்புலன்ஸுக்குப் போற செய்தி, எதுவும் நகராது. பெரியவர் காய்ஞ்சு எழுந்திருக்க ரெண்டு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் ஒருத்தர் உட்கார்ந்தே ஆகணும்."

"ரெண்டாவது ஒண்ணு இருக்குமே?"

"இருக்கு. அதைக் கட்டாயப்படுத்தி உட்கார வைக்கலாம். ஆனா அது காலைல ஆறு மணியோட நிக்குது. அதைத் தலைவராக்கிட்டா அது கணக்குதான் எல்லாருக்கும் கணக்கு. ஆறு மணிக்கு மேல நிறுத்திவச்ச செய்தி எல்லாம் பெரியவர் எழுந்தாலும் வராது, அடியோட போயிடும். ஒரு குடிமகனோட கோபத்தைத் தொலைக்கணும்னா இயக்குநர் எழுத்துல அனுமதி தரணும். பதினாலாம் பிரிவு."

"இருங்க, சீட்டு எழுதி உள்ள அனுப்பறேன்."

மூன்று நிமிஷத்தில் திரையில் ஒரு வரி வந்தது. அனுப்புநர்: இயக்குநர். பெறுநர்: பூவராகன். நிலை: ஆறவைக்கப்பட்டது. ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு வழங்கப்படும்.

"கோபமா எழுதிட்டாரு போல" என்றாள் ஜெசிந்தா.

"நிறுத்துன்னு எழுதினாரா, நிறுத்தாதேன்னு எழுதினாரா?"

"ஞாயித்துக்கிழமை தெரியும் சார்."

செய்திக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க மையத்தில் யாருக்கும் அதிகாரமில்லை. யார், யாருக்கு, எப்போது என்பது மட்டும்தான் தெரியும். அந்தப் பட்டியல் திரையில் மேலே ஓடிக்கொண்டிருந்தது, நிமிஷத்துக்கு இருநூறு. வாசலிலிருந்து காவலாளி வந்து, கடலூர் பஸ் நடுரோட்டில் நிற்கிறது, டிரைவரும் கண்டக்டரும் கீழே இறங்கி ஒருவர் போனை ஒருவர் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்றார். கேன்டீனில் தோசை ஊற்றுகிற அம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு மருமகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

உதவி எண்ணில் ஒரு பெண் வந்தாள். ஜெசிந்தா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"எங்க தம்பிகிட்டேர்ந்து ஒண்ணு வந்திருக்குங்க. என்னைத் திட்டி."

"மன்னிக்கணும்மா. பழைய செய்தி தவறுதலா வந்துடுச்சு. அவங்க திருப்பி வாங்கினதுதான். மனசுல வச்சுக்காதீங்க."

"அவன் தை மாசமே செத்துட்டாங்க" என்றாள் அந்தப் பெண். பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னும் எதுனா இருக்கா, பாருங்களேன். திட்டி எழுதினதா இருந்தாலும் பரவால்ல" என்றாள்.

ஜெசிந்தா பட்டியலில் தேடிப் பார்த்தாள். இல்லை என்று சொன்னாள். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் பொத்தான்மேலேயே விரலை வைத்திருந்தாள். அப்போது அவளுடைய சொந்தப் போன் சத்தம் போட்டது. எடுத்துப் படித்தாள். மூன்றே வரி இருக்கும், ஆனால் நேரம் எடுத்தது. போனைத் திரை கீழே போகும்படி மேஜைமேல் வைத்தாள்.

"யாரும்மா?"

"வீட்டுக்காரர். ஐப்பசியில எழுதினது." அவள் குரலில் ஒன்றுமில்லை. "நிறுத்திடலாம் சார். நடுவுளான உட்கார வைங்க."

பூவராகனுக்கு அவளைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஆனால் சங்கடத்துக்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை. "இல்லம்மா, அனுமதி இல்லாம இன்னைக்குக் காலைல வந்த ரெண்டாயிரம் பேரோட கோபத்தை அழிக்கிறது பெரிய குத்தம். எனக்கு ரிடையர்மென்டுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு. விதின்னா விதிதானே? ஜனங்க ரெண்டு நாள் சண்டை போடுவாங்க, அப்புறம் சரியாயிடும். நாம பதட்டப்படக் கூடாது."

இந்தப் பேச்சை அவர் முழு மனதோடுதான் பேசினார். இப்படி ஒரு தடுமாற்றமில்லாத அதிகாரியாக இருப்பதில் அந்தக் கணம் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பேசிக்கொண்டே, போன ஐப்பசியின் அந்த வாரம் எப்படிப்பட்ட வாரம், பூஜை செவ்வாய்க்கிழமை, அதற்கு முந்தின ஞாயிறு அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம் என்று யோசித்துக்கொண்டு போனவர், பாதி வாக்கியத்தில் நின்றார்.

தேடும் கட்டத்தில் தம் பெயரை அடித்தார். விரல் இரண்டு முறை தப்பான எழுத்தில் விழுந்தது.

வரிசை எண் 5,307. அனுப்புநர்: பூவராகன். பெறுநர்: வேதவல்லி.

மணி பன்னிரண்டு ஐந்து. வெளியே போய்விட்ட எண்ணிக்கை 4,610.

"நடுவுளான உட்கார வை" என்றார்.

"சார்?"

"உடனே! கையைக் கட்டிட்டு நிக்கிறியே, மூணு நிமிஷம்தான் இருக்கு!"

"பதினாலாம் பிரிவு?"

"பொதுநலன்னு ஒண்ணு இருக்கில்லையா ஜெசிந்தா. ஜனங்க எவ்வளவு கஷ்டப்படறாங்க!"

ஜெசிந்தா திரையை எட்டிப் பார்த்தாள். 5,307 என்ற எண்ணைப் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். நடுவுளானுக்கு மின்சாரம் கொடுத்து, கட்டளைப் பலகையை அவர் பக்கம் திருப்பினாள். இந்தக் கட்டளைக்கு மூத்த பொறியாளர் தம் பணியாளர் எண்ணை அடித்து, "இழப்புக்கு நானே பொறுப்பு" என்று முழு வாக்கியமாக எழுதவேண்டும். சந்திப்பிழைக்கு அலைகிற பூவராகன் அதை மூன்று பிழையோடு அடித்தார். இயந்திரம் ஏற்க மறுத்தது. அழித்தார். மறுபடி அடித்தார். 5,190. மறுபடி மறுத்தது. ஜெசிந்தா அவரை நாற்காலியோடு தள்ளிவிட்டுத் தானே அடித்தாள். 5,288-இல் கடைக்குட்டி நின்றது.

நடுவுளான் தலைவராக உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிச் செய்திகள் ஓட ஆரம்பித்தன. பூவராகன் சட்டைப் பொத்தானை ஒன்று கழற்றிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக மகளை ஒரு பேராபத்திலிருந்து காப்பாற்றிவிட்ட தகப்பனாக நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஆபத்தை எழுதியதே தாம்தான் என்பது அப்போதைக்கு அவருக்கு முக்கியமாகப் படவில்லை.

ஜெசிந்தா இழப்புப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு வந்தாள். "காலைல ஆறுலேர்ந்து பன்னெண்டு எட்டுவரைக்கும் ரெண்டாயிரத்து நாப்பத்தாறு. ஒவ்வொரு பக்கத்துலயும் நீங்க கையெழுத்துப் போடணும்."

முதல் பக்கம் போட்டார். இரண்டாம் பக்கம் போட்டார். இயக்குநரின் உத்தரவும் தொலைந்ததில் இருக்கிறது என்று நினைத்தபோது சிரிப்புக்கூட வந்தது. பதினேழாம் பக்கத்தில் பேனா நின்றது.

காலை 9.14. அனுப்புநர்: வேதவல்லி. பெறுநர்: பூவராகன்.

அவர் அந்த வரியை நாலு தடவை படித்தார். ஊரில் வேறு வேதவல்லி, வேறு பூவராகன் இருக்கக்கூடும் என்று எண்ணைச் சரிபார்த்தார். அவருடைய எண்தான். எட்டு மாதமாக அவர் எதற்காகச் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்து காத்திருந்தாரோ அது இன்று காலை வந்திருக்கிறது. அவர் கையாலேயே போயிருக்கிறது.

"திரும்ப எடுக்க வழி இருக்கா ஜெசிந்தா?" குரல் அவருக்கே கேட்கவில்லை.

"இல்ல சார். உங்களுக்குத் தெரியாதா?" அவள் அந்த வரியைப் பார்த்தாள். பிறகு, முதல்முறையாக அன்று கொஞ்சம் இரக்கத்தோடு, "பேசிடுங்க சார். குரலுக்கு வரிசை கிடையாது" என்றாள். தன் போனையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவுக்கு அப்பால், "ஒண்ணுமில்லங்க, சாயங்காலம் சீக்கிரம் வாங்க, பேசணும்" என்று அவள் சொல்வது கேட்டது.

பூவராகன் போன் போட்டார். நாலாவது மணியில் எடுத்தாள்.

"வேதா... அப்பா."

"தெரியுது. பேர் வருதே."

"காலைல ஒண்ணு அனுப்பினியாம்மா?"

"அதுக்குள்ளயா வந்துடுச்சு? மூணு நாள் ஆகுமே."

"வரல. இனிமே வராது. தொலைச்சுட்டேன்." எப்படியாவது பழியைத் தண்ணீர்மேல் போடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். "நான்தான் தொலைச்சேன்."

அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "எட்டு மாசம்ப்பா. எழுதி எழுதி அழிச்சு, இன்னைக்குத்தான் துணிஞ்சு அனுப்பினேன்."

"என்னம்மா எழுதியிருந்த?"

"ஏன் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டலன்னு கேட்டிருந்தேன்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "பந்தியில உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீ திட்டுவேன்னு தெரியும். மூணு நாள் கழிச்சு வரும்னு புதன்கிழமை சாயங்காலம் முழுக்க போனைக் கையிலயே வச்சிருந்தேன். ஒண்ணும் வரல. அம்மாகிட்ட தினம் பேசறேன், நீ பக்கத்துலதான் இருப்ப, ஒரு நாள்கூட வாங்கிப் பேசல. திட்டறதுக்குக்கூட லாயக்கில்லாதவளா ஆயிட்டேன் போலன்னு நினைச்சுட்டேன்."

"எழுதினேன்மா" என்றார் பூவராகன். "பதினொரு பத்தி."

"எங்க?"

"திருப்பி வாங்கிட்டேன். இன்னைக்கு அது உனக்கு வரப் பார்த்துச்சு. இன்னும் பத்தொன்பது செய்தி போயிருந்தா வந்திருக்கும். அதைத் தடுக்கத்தான்... உன்னோடது போயிடுச்சு."

தூத்துக்குடியில் எங்கோ ஒரு லாரி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது.

"சொல்லு" என்றாள்.

"எதை?"

"பதினொரு பத்தியும். வாயால. இப்ப."

அவருக்கு ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம். எட்டு மாதத்தில் எத்தனை முறை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்து ரசித்திருக்கிறார்! தொண்டையைச் செருமிக்கொண்டார். "பெற்ற தகப்பனைப் பந்தியில் வைத்துப் பழித்த" என்று ஆரம்பித்தார். அதற்குமேல் வரவில்லை. மகள் மூச்சுவிடுவது காதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்த அடுக்குமொழி எல்லாம் வாய்க்குள் வர மறுத்தது. பதினொரு பத்தியில் நிலாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"வேதா, நான் ஏன் நிலான்னு சொன்னேன்னா..." அவர் குரல் உடைந்தது. "அந்த ஆள் உன்னைப் பத்திக் கேக்கறதுக்கு முன்னாடி என்னைத்தான் கேட்டான். என்ன பண்றீர்னு. அடுத்தவன் கோபத்துக்குக் காவல் காக்கறேன்னு சொன்னேன், சிரிச்சான். உப்புன்னு சொன்னா உன்னையும் சிரிப்பான்னு பயந்துட்டேன். எனக்கு உன்மேல வெக்கம் இல்லம்மா. என்மேலதான். தப்பு என்னோடது."

"இதை ஏன்ப்பா அன்னைக்கே எழுதல?"

பூவராகன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"எழுதியிருந்தா அந்த நிமிஷமே வந்திருக்கும்" என்றாள் அவள். "இதுல கோபமே இல்லையே. உன் மெஷின் நிறுத்தியிருக்கவே இருக்காது."

"ஆமாம்மா" என்றார். கண்ணைத் துடைக்கப் பெரியவரைத் துடைத்த துணிதான் கைக்குக் கிடைத்தது.

"சரி, இப்ப நான் என்னோடதைச் சொல்றேன். எட்டு மாசத்துது. முடிக்கிறவரைக்கும் குறுக்க பேசக் கூடாது."

"பேசல."

"சமாதானம் சொல்லக் கூடாது."

"சொல்லலம்மா. நீ ஆரம்பி."

அவள் ஆரம்பித்தாள். நல்ல காரமாகத்தான் ஆரம்பித்தாள். தகப்பனுக்குத் தப்பாமல் பிறந்த கை. பூவராகன் கையெழுத்துப் போடாத பக்கங்களை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார்.